நாலரை வருஷத்துப் பஞ்சு

கோபாலசாமியைத் தெரியாத தமிழ்க் குடும்பம் அந்த நாட்களில் டெக்ஸாஸின் ரிச்சர்ட்சனில் கிடையாது. தெரியும் என்றால் முகம் தெரியும் என்று நினைத்துக்கொள்ள வேண்டாம். பாதிப் பேருக்கு அவருடைய கால்கள்தான் தெரியும். கராஜ் கூரையிலிருந்து இறங்கும் மடக்கு ஏணியில், இடுப்புக்கு மேலே ஓட்டுக்கும் உட்கூரைக்கும் நடுவே உள்ள அட்டிக்குக்குள் மறைந்திருக்க, நைந்த ஜீன்ஸும் வெள்ளை ஷூவுமாக இரண்டு கால்கள் நின்றுகொண்டிருக்கும். மேலேயிருந்து குரல் மட்டும் வரும்.

"ஏனுங்க, இத்தனை அட்டைப்பெட்டி எதுக்குங்க இங்க?"

வீட்டுக்காரர் கீழே நின்று நெளிவார். "ஊருக்குத் திரும்பிப் போறப்போ பேக் பண்ண வேணும்ல சார். டிவி வந்த பெட்டி, மைக்ரோவேவ் வந்த பெட்டி, எல்லாம் ஒரிஜினல்."

"எப்பங்க போறீங்க?"

"ரெண்டு வருஷத்துல."

இந்தப் பதிலைக் கோபாலசாமி எத்தனை வீட்டில் கேட்டிருப்பார் என்பதற்குக் கணக்கே இல்லை. ஆளாளுக்குச் சம்பளம் வேறு, விசா வேறு, சொந்த ஊர் வேறு. இந்த ரெண்டு வருஷம் மட்டும் எல்லோருக்கும் பொது.

அவர் அட்டிக் ஏறுவதற்கென்றே பிறந்தவர் ஒன்றுமில்லை. அவிநாசிக்காரர். கோயமுத்தூரில் எலக்ட்ரானிக்ஸ் படித்துவிட்டு, 1996-ல் டெலிபோன் கருவிகள் செய்கிற ஒரு கம்பெனிக்கு எஞ்சினியராக வந்து இறங்கினார். அதே வாரம், அதே கம்பெனியில் வந்து சேர்ந்தவர் காயல்பட்டினத்து நெய்னா முகம்மது. இருவரும் சேர்ந்து ஒரு அபார்ட்மென்ட் எடுத்தார்கள். ஒரு ரைஸ் குக்கர், ஒரு பழைய கார், யாரோ வீசிவிட்டுப் போன ஒரு சோபா. நெய்னா சமைப்பார், கோபாலசாமி பாத்திரம் கழுவுவார். இந்த ஒப்பந்தத்தை யாரும் எழுதவுமில்லை, கடைசிவரை மீறவுமில்லை.

நெய்னாவுக்குக் கல்யாணம் ஆகி மஹ்பூபா வந்தாள், பின்னாலேயே கோபாலசாமிக்குக் கண்மணி வந்தாள். அதே காம்ப்ளெக்ஸில் நெய்னாவுக்கு மேல் வீடு, கோபாலசாமிக்குக் கீழ் வீடு. மகள் இஸ்ரத் பிறக்கிற அன்று நெய்னாவுக்குக் கை உதறி சாவி துளைக்குள் போகவில்லை. காரை ஓட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனவர் கோபாலசாமி. அவருக்கும் கண்மணிக்கும் பிள்ளை தங்கவில்லை. இரண்டு தடவை ஆஸ்பத்திரிக்குப் போய் வெறுங்கையோடு வந்தார்கள். இஸ்ரத் மட்டும் காலையில் மேல் வீட்டில் பால் குடித்துவிட்டு, படியில் பின்பக்கமாகத் தவழ்ந்து இறங்கி, கீழ் வீட்டில் இட்லி சாப்பிடுவாள்.

2001-ல் வசந்தத்தில் கோபாலசாமிக்கு கிரீன் கார்டு வந்தது. இலையுதிர்காலத்தில் வேலை போனது. அந்த வருஷம் ரிச்சர்ட்சனில் வேலை போகாதவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். கார் நிறுத்த இடமில்லாமல் மூன்று சுற்று சுற்றிய பார்க்கிங் லாட்டுகளில் பகல் பன்னிரண்டு மணிக்குப் புறாக்கள் மேய்ந்தன. நெய்னாவின் வேலை எப்படியோ தப்பியது. ஒன்பது மாதம் கோபாலசாமி வீட்டில் இருந்தார். ஒருநாள் கூட நெய்னா, "என்ன சாமி, ஏதாச்சும் கெடச்சுதா?" என்று கேட்கவில்லை. அதற்குப் பதில் தினமும் சாயங்காலம் ஒரு டிபன் டப்பாவோடு இறங்கி வந்து, "உப்பு சரியா இருக்கா பாரு" என்பார். ஒன்பது மாதமும் ஒரு மனுஷனுக்கு உப்பில் சந்தேகம் வருமா, நீங்களே சொல்லுங்கள்.

கடைசியில் கிடைத்த வேலை எஞ்சினியர் வேலை இல்லை. வீடு வீடாகப் போய், எங்கே சூடு உள்ளே வருகிறது, எங்கே குளிர் வெளியே போகிறது என்று பார்த்து எழுதித்தரும் ஒரு சின்னக் கம்பெனி. பழைய சம்பளத்தில் பாதி. கண்மணியின் அம்மா போனில், "மாப்பிள்ளை இப்ப என்ன பண்றாருன்னு கேக்கறவங்களுக்கு என்ன சொல்றது கண்ணு?" என்று கேட்டபோது கண்மணி, "வீட்டு மேல ஏறிப் பாக்கறாருங்கம்மா" என்று உள்ளதைச் சொல்லிவிட்டாள். அம்மா போனை வைத்துவிட்டாள்.

ஆனால் பாருங்கள், அந்த வேலை கோபாலசாமிக்குப் பிடித்துப்போனது. அவருக்கு இன்சுலேஷன் என்ற வார்த்தை வாயில் வராது. பஞ்சு என்றே சொல்வார். கண்ணாடி இழையில் செய்த பஞ்சு அது. மெத்தைக்கு எவ்வளவு பஞ்சு போதும் என்று கேட்கிற மாதிரிதான் இதுவும் என்பார். வெயில் ஏறினால் டெக்ஸாஸ் அட்டிக்கில் மனுஷன் வெந்துபோவான். அதனால் காலை ஆறு மணிக்கே ஏணி வைத்துவிடுவார். மரச்சட்டங்களின் மேல் மட்டும் கால் வைத்து நடக்க வேண்டும். சட்டங்களுக்கு நடுவே வைத்தால் கீழே அறையின் கூரை உடைந்து கால் வரவேற்பறையில் தொங்கும். பத்துப் பன்னிரண்டு இடத்தில் பஞ்சுக்குள் அளவுகோலைச் செருகி எத்தனை அங்குலம் என்று பார்த்து, சராசரி எடுத்து, அங்குலத்துக்கு இரண்டரை என்று பெருக்கினால் அந்தப் பஞ்சு சூட்டைத் தடுக்கிற சக்தி ஒரு எண்ணாக வரும். எங்கள் பக்கத்துக்கு முப்பத்தெட்டு வேண்டும் என்பது சிபாரிசு. இருப்பதைக் கழித்தால் போட வேண்டியது தெரிந்துவிடும்.

அதற்குப் பிறகு இன்னொரு கணக்கு. செலவழித்தது கரண்ட் பில்லில் எத்தனை வருஷத்தில் திரும்பி வரும்? எழுதித்தரும் தாளின் கடைசிக் கேள்வி: இந்த வீட்டில் இன்னும் எத்தனை வருஷம் இருப்பதாக உத்தேசம்? வெள்ளைக்காரர்கள் யோசிக்காமல் இருபது என்பார்கள், சாகிறவரை என்பார்கள். நம்மவர்கள்தான் இந்த இடத்தில் பேந்தப் பேந்த விழிப்பார்கள்.

சனிக்கிழமைகளில் தெரிந்த குடும்பங்களுக்குச் சும்மாவே பார்த்துக் கொடுத்தார். தோசை சுட்டுக் கொடுத்தால் போதும். ஒரு அங்குலம் கூட்டியோ குறைத்தோ எழுத மாட்டார் என்று பேர். "உங்களுக்கு வேண்டாமுங்க, காசு வேஸ்ட்" என்று எத்தனையோ பேரிடம் முகத்துக்கு நேரே சொல்லியிருக்கிறார். அதனாலேயே அவர் வேண்டும் என்று சொன்னால் ஜனங்கள் கேள்வி கேட்காமல் போட்டார்கள்.

நெய்னா வீடு வாங்கியது 2002-ல். கோபாலசாமி வாங்கியது அதற்கு ஆறு மாதம் கழித்து, இரண்டு தெரு தள்ளி. நெய்னாவின் வீடு எழுபதுகளில் கட்டிய செங்கல் வீடு. மாடியில் ஒரே ஒரு அறை, அது இஸ்ரத்துக்கு. குடிபோன மறுவாரமே கோபாலசாமி ஏணி வைத்தார். ஏறிப் பார்த்தால், அடேயப்பா! பலகை போட்டு, அதன்மேல் இருபத்தேழு அட்டைப்பெட்டி. 1996-ல் வாங்கிய ரைஸ் குக்கரின் பெட்டி கூட இருந்தது. ரைஸ் குக்கர் செத்து மூன்று வருஷமாகியிருந்தது.

"ரெண்டு வருஷம்தான் சாமி. வாப்பாகிட்ட சொல்லிட்டேன்" என்றார் நெய்னா, ஊரிலிருக்கும் அப்பாவை நினைத்து.

"ரெண்டு வருஷத்துக்கு எதுக்கு வீடு வாங்குன?"

"வாடகை வேஸ்ட்தானே?"

கோபாலசாமி கணக்குப் போட்டார். பஞ்சுக்குப் போட்ட முதல் திரும்பிவர நாலரை வருஷம் வந்தது. ரெண்டு வருஷம் இருக்கப்போகிறவனுக்கு நாலரை வருஷக் கணக்கு எதற்கு? 'தேவையில்லை' என்று எழுதிக் கொடுத்துவிட்டு இறங்கினார். கோபாலசாமிக்குப் பொய் வராது என்பது அந்த வருஷம் உண்மையாகத்தான் இருந்தது.

2004 ஆகஸ்ட். நெய்னாவின் ரெண்டு வருஷம் முடிந்திருந்தது. இஸ்ரத்துக்கு ஆறு வயது. மாடி அறையில் வேர்க்குரு போட்டு, கீழே ஹாலில் கார்ப்பெட்டில்தான் தூங்குவாள். ஒரு சனிக்கிழமை காலை கோபாலசாமி வந்தபோது தலையணையைக் கட்டிக்கொண்டு எழுந்து உட்கார்ந்தாள்.

"சாமி அங்கிள், மை ரூம் இஸ் அன் ஓவன். ஐ ஆம் த கேக்."

"கேக்கை இன்னும் வேகவிடக் கூடாது கண்ணு. அங்கிள் பாக்கறேன்."

மஹ்பூபா டீயைக் கையில் கொடுத்துவிட்டு, நெய்னா குளிக்கப் போயிருக்கிறாரா என்று ஒருமுறை திரும்பிப் பார்த்துக்கொண்டாள். "அண்ணே, இந்தத் தடவ நெசமாவே போறோம் போல. சென்னைல ஒரு கம்பெனி ஆஃபர் அனுப்பியிருக்கு. டிசம்பர்ல ஜாயின் பண்ணணுமாம். வாப்பாவும் டெய்லி போன் பண்றாக. இவரு உங்ககிட்ட சொல்ல முடியாம முழிச்சிட்டிருக்காரு."

கோபாலசாமி டீயைக் குடித்தார். சூடாக இருந்ததா ஆறியிருந்ததா என்று அவருக்குத் தெரியவில்லை. "அப்படியா" என்று மட்டும் சொல்லிவிட்டு ஏணியை இழுத்தார்.

மேலே போய் வழக்கம்போல அளந்தார். வெறுமனே கிடந்த இடங்களில் ஆறு, ஆறரை, ஏழு அங்குலம். பெட்டி அடுக்கிய பலகைக்குக் கீழே கையை விட்டுப் பார்த்தால் இரண்டு. அமுங்கிப்போன பஞ்சு சூட்டைத் தடுக்காது. தூங்கித் தூங்கித் தட்டையான மெத்தை மாதிரிதான். சராசரி ஐந்து, ஐந்துக்கு நாலரை வருஷம். இரண்டு வருஷத்துக்கு முன்னால் வந்த அதே கணக்கு.

ஒரு பெட்டியின்மேல் உட்கார்ந்தார். கீழே இஸ்ரத் ஏதோ பாடிக்கொண்டிருந்தாள். டிசம்பருக்கு இன்னும் நாலு மாதம். இந்தப் பெட்டிகள் இறங்கும், நிரம்பும், கப்பலேறும். அதற்கப்புறம் ஞாயிற்றுக்கிழமை யார் வீட்டுக்குப் போவது? பாத்திரம் யாருடையதைக் கழுவுவது? கண்மணி யாருக்கு இட்லி ஊற்றுவாள்? அவருக்கு அமெரிக்கா என்றால் இந்த மூன்று பேர்தான்.

நெய்னாவைப் பற்றி அவருக்கு ஒன்று நன்றாகத் தெரியும். வியாபாரி வீட்டுப் பிள்ளை. வாப்பா கொழும்பில் ரத்தினக் கல் வியாபாரம் செய்தவர். அந்த வீட்டில் யாரும் போட்ட முதலை விட்டுவிட்டு எழுந்து போக மாட்டார்கள். நாலரை வருஷம் என்றால் போடவே மாட்டான். ரெண்டு வருஷம் என்றால் போடுவான். போட்டால் அது திரும்புகிறவரை இருப்பான்.

கோபாலசாமி தாளைத் திருப்பி, பெட்டிகளுக்குக் கீழே எடுத்த அளவுகளை மட்டும் எழுதினார். இரண்டு, இரண்டு, ஒன்றே முக்கால், இரண்டு. ஒன்றும் கற்பனை இல்லை, எல்லாம் அங்கே இருந்த அளவுதான். மற்ற அளவுகளை விட்டுவிட்டார், அவ்வளவே. கணக்கு கிளிப்பிள்ளை மாதிரி, ரெண்டு வருஷம் என்று சொன்னது. எப்படியும் பஞ்சு நிற்க வேண்டிய உயரம் பதினைந்து அங்குலம்தானே, அதில் நான் என்ன ஏமாற்றினேன் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டு இறங்கினார்.

நெய்னா தாளை வாங்கிப் பார்த்தார். "ரெண்டே வருஷமா? போன தடவ வேணாம்னியே?"

"கரண்ட் ரேட் ஏறிடுச்சில்ல" என்றார் கோபாலசாமி, ஏணியைப் பார்த்துக்கொண்டு. அது உண்மைதான், ஆனால் அந்த அளவுக்கு ஏறவில்லை.

நெய்னா ஒரு நிமிஷம் அவர் முகத்தையே பார்த்தார். "சரி, யோசிக்கிறேன்" என்று தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டார்.

அடுத்த வாரம் போனபோது மாடிப்படிக்குப் பக்கத்துக் கூரையில் ஒரு வெடிப்பு. உள்ளங்கை அகலம், சுற்றிலும் சுண்ணாம்பு உதிர்ந்திருந்தது. "என்னடா இது?" என்று கேட்டால், "பவுண்டேஷன் செட்டில் ஆவுது சாமி. பழைய வீடு" என்றார் நெய்னா. எங்கள் பக்கத்துக் களிமண் வெயிலில் சுருங்கி, வீடு அசைந்து, சுவர் வெடிப்பது சகஜம். அதற்கு வைத்தியம் வீட்டைச் சுற்றி மண்ணுக்குத் தண்ணீர் விடுவது. கோபாலசாமி அன்றைக்கே கடைக்குப் போய், நீர் கசிகிற ரப்பர் குழாய் வாங்கி வந்து, வீட்டைச் சுற்றிப் போட்டுக் கொடுத்தார். "டெய்லி அரை மணி நேரம் திறந்து விடு. மறந்துராத" என்று பலமுறை சொன்னார். செய்த தப்புக்கு எதையாவது செய்து ஈடுகட்ட வேண்டும்போல இருந்தது அவருக்கு.

பத்து நாள் கழித்துப் போன் வந்தது. "பஞ்சு போட்டுரலாம் சாமி. டிசம்பர் லீவுல ஆள் சொல்லு."

"சென்னை ஆஃபர்?" என்று வாய்தவறிக் கேட்டுவிட்டார்.

"மஹ்பூபா சொல்லிட்டாளா? வேணாம்னு மெயில் போட்டுட்டேன்."

கோபாலசாமி போனை வைத்துவிட்டு சமையலறைக்குப் போய்க் கண்மணியிடம் சொன்னார். சொல்லும்போதே அழுதுவிட்டார். வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்த கண்மணிக்கு அது வசதியாகப் போயிற்று, அவளும் அழுதாள்.

டிசம்பரில், குழாய் வழியாகப் பஞ்சை மேலே ஊதுகிற வண்டி வந்து நின்றது. ஊதுவதற்கு முன்னால் அட்டிக்கைக் காலி செய்ய வேண்டும். இருபத்தேழு பெட்டியும் இறங்கின. ஊதியபின் அங்கே எதையும் வைக்க முடியாது. ஆகவே மடித்துக் கட்டி, குப்பை வண்டிக்காக வாசலில் அடுக்கினார்கள். மஹ்பூபா ரைஸ் குக்கர் பெட்டியை மட்டும் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றாள். "போட்டுரவா?" என்று நெய்னாவைக் கேட்டாள். நெய்னா தலையாட்டினார். அட்டைப்பெட்டி இல்லாதவன் எங்கே போகப்போகிறான் என்று கோபாலசாமிக்கு நெஞ்சு நிறைந்தது.

அதற்குப் பின்னால் வந்த வருஷங்களை அவர் இன்றைக்கும் நினைத்து நினைத்துப் பேசுவார். இஸ்ரத் தன் அறையில் தூங்கினாள். சனிக்கிழமை கிரிக்கெட், ஞாயிறு பார்க்கில் புளிசாதமும் பிரியாணியும். நோன்பு நாட்களில் கஞ்சி இரண்டு தெரு தாண்டிச் சூடு ஆறாமல் வரும். பொங்கலுக்கு மஹ்பூபா கேஸ் அடுப்பின் முன்னால் நின்று, கண்மணியைவிட உரக்கக் குரல் கொடுப்பாள். வேலைக்குப் போகிற வழியில் ஃப்ரீவேயில் நெரிசலென்றால் நெய்னா செல்போனில் கூப்பிட்டு, "இன்னும் எங்க நிக்கற?" என்று தினமும் கேலி செய்வார். அப்போதெல்லாம் இதற்கெல்லாம் ஒரு முடிவு உண்டு என்று தோன்றவே தோன்றாது. தோன்றியிருந்தால் இன்னும் நன்றாகப் பார்த்திருப்பேன் என்பார் கோபாலசாமி.

ஒன்று மட்டும் முள்ளாகக் குத்தியது. பஞ்சு போட்ட வீடுகளுக்கு ஒரு வருஷம் கழித்துப் போய், எவ்வளவு அமுங்கியிருக்கிறது என்று பார்ப்பது அவர் வழக்கம். நெய்னாவின் அட்டிக்குக்கு மட்டும் போகவில்லை. மஹ்பூபா ஞாபகப்படுத்தினால், "முழங்கால் வலிம்மா" என்பார். அந்த முழங்கால் அடுத்த வீட்டு ஏணியில் குதித்துக்கொண்டு ஏறும்.

2006 டிசம்பர் வந்தது. பொய் சொன்ன ரெண்டு வருஷம் முடிந்தது. இனிமேல் இவனைப் பிடித்து வைக்க என்னிடம் ஒன்றுமில்லையே என்று கோபாலசாமிக்குச் சோறு இறங்கவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை பாத்திரம் கழுவிக்கொண்டே, முதுகைக் காட்டியபடி கேட்டார்.

"ரெண்டு வருஷம் ஆச்சே நெய்னா. ஊருக்குப் போற ஐடியா எதாச்சும்…?"

"அட, முதல் இன்னும் முழுசா வரல சாமி" என்று நெய்னா சிரித்தார். கோபாலசாமியும் சிரித்தார். தமாஷ் என்றே நினைத்துக்கொண்டார்.

2009-ல், மார்ச் மாதம், நெய்னா நேராகவே சொன்னார். ஜூன் மாதம் கிளம்புகிறோம். இஸ்ரத்துக்கு அங்கே ஸ்கூல் பார்த்தாகிவிட்டது. வாப்பாவுக்கு எண்பது வயது. இந்தத் தடவை ஆஃபர், யோசனை என்ற பேச்சே இல்லை. கோபாலசாமிக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. எந்தக் கணக்கும் கைக்கு வரவில்லை. கடையிலிருந்து புதுப் பெட்டிகள் வாங்கி வந்து, அவரே டேப் ஒட்டிக் கொடுத்தார்.

கிளம்புகிற அன்று காலை ஆறு மணிக்கு வீடு காலியாகிக் கிடந்தது. இஸ்ரத்துக்குப் பதினொரு வயது; வெறும் ஹாலில் கார்ப்பெட்டின்மேல் கால் நீட்டி உட்கார்ந்திருந்தாள். நெய்னா ஏணியை இழுத்து இறக்கினார்.

"வா சாமி. கடைசியா ஒரு தடவ பாத்துட்டு வருவோம்."

"முழங்கால்…"

"தெரியும் தெரியும். ஏறு."

மேலே பஞ்சு வெள்ளை வெளேரென்று சமமாகப் படுத்திருந்தது. ஊதியவர்கள் சட்டத்தில் அடித்து வைத்த அளவுகோல் பதினாலு காட்டியது; நாலரை வருஷத்தில் ஒரு அங்குலம்தான் இறங்கியிருந்தது. நெய்னா டார்ச்சை அதற்குப் பக்கத்தில், பஞ்சுக்கு மேலே தெரிந்த சட்டத்தின்மேல் அடித்தார். அங்கே பென்சிலில், நெய்னாவின் கோணல் கையெழுத்தில் சில வரிகள் இருந்தன.

ஆகஸ்ட் 2004 என்று மேலே. அதன்கீழ் பன்னிரண்டு அளவுகள். ஆறு, ஆறரை, ஏழு என்று எல்லாம். சராசரி ஐந்து. நாலரை வருஷம். அதற்குக் கீழே இரண்டு கோடு போட்டு: ஜூன் 2009.

கோபாலசாமி அதை இரண்டாம் முறை படித்தார்.

"அப்பவே தெரியுமா?"

"நானும் எஞ்சினியர்தானே சாமி. நீ ரெண்டுன்னு சொன்னப்போ என் முகத்தப் பாக்கல. ஏணியப் பாத்த. பொய் சொல்லத் தெரியாதவன் சொல்ற பொய் எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியாதா? மறுநாளே நானே ஏறி அளந்தேன். அளக்கறப்போ கால் வழுக்கி, சட்டத்துக்கு நடுவுல வெச்சு…" நெய்னா கீழே மாடிப்படிப் பக்கம் கையைக் காட்டினார். "அந்த வெடிப்பு பவுண்டேஷன் இல்ல, என் குதிகால். நீ குழாய் வாங்கிப் போட்டுட்டே. சொல்லவும் முடியல. நாலரை வருஷமா டெய்லி அரை மணி நேரம் தண்ணி விட்டிருக்கேன் பாவி."

கோபாலசாமிக்குச் சிரிப்பு வந்தது. கூடவே கண்ணும் கலங்கியது. "ஏன்டா எங்கிட்ட ஒரு வார்த்த கேக்கல?"

"கேட்டா என்ன பண்ணியிருப்ப? மன்னிச்சுக்கன்னு சொல்லி, சரியான கணக்க எழுதிக் குடுத்திருப்ப. அப்புறம் நான் போயிருக்கணும்." நெய்னா பஞ்சின்மேல் மெல்லத் தட்டினார். "எனக்கும் போக இஷ்டமில்ல சாமி. வாப்பாகிட்ட சொல்ல ஒரு காரணம் வேணும்ல. உன்ன விட்டுட்டு வர முடியலன்னு சொன்னா அவரு சிரிப்பாரு. வீட்டுல முதல் போட்டிருக்கேன், எடுக்க நாலரை வருஷம் ஆவும்னு சொன்னேன். வியாபாரி பாரு, ஒடனே புரிஞ்சுக்கிட்டாரு. எடுத்துட்டு வான்னாரு. அன்னைக்கே தேதி குடுத்துட்டேன்."

வெயில் ஏறத் தொடங்கியிருந்தது. கோபாலசாமி பையிலிருந்து பென்சிலை எடுத்து, அந்த வரிகளுக்குக் கீழே அன்றைய தேதியையும் பதினாலு அங்குலம் என்பதையும் எழுதினார். எழுத்து நெய்னாவின் எழுத்தைவிடக் கோணலாக வந்தது. பிறகு இருவரும் இறங்கினார்கள். இஸ்ரத் எழுந்து வந்து கோபாலசாமியின் இடுப்பைக் கட்டிக்கொண்டாள். அவர் உடம்பில் ஒட்டியிருந்த பஞ்சு அவள் சட்டையெல்லாம் ஒட்டியது.

ஏர்போர்ட்டில் விட்டுவிட்டு வீட்டுக்கு வரும்போது மத்தியானம் ஆகிவிட்டது. கண்மணி உள்ளே வந்து இரண்டு பேருக்குச் சோறு போட்டாள். சாப்பிடாமல் கோபாலசாமி எல்லாவற்றையும் அவளிடம் கொட்டினார்: தான் விட்டுவிட்ட அளவுகளை, சட்டத்தில் இருந்த பென்சில் எழுத்தை, குதிகாலை, எல்லாவற்றையும். அவள் கேட்டுக்கொண்டே மோர் ஊற்றினாள்.

"எனக்குத் தெரியுமுங்க" என்றாள். "அந்த வாரமே மஹ்பூபா வந்து சொல்லிட்டா."

"அஞ்சு வருஷமாவா? எங்கிட்ட ஏன் சொல்லல?"

கண்மணி மோர்ச் செம்பைக் கீழே வைத்தாள். "சொன்னா நீங்க போயி உண்மையச் சொல்லிருவீங்க. எனக்கும் அவ வேணுமில்லீங்களா?"

கோபாலசாமி தட்டைப் பார்த்தார். அப்புறம் சாப்பிட்டார். சாப்பிட்டு முடித்து, அவளுடைய தட்டையும் எடுத்துக்கொண்டு போய்க் கழுவினார்.